பாதியில் மூடிய புத்தகம்

நாற்பது வயதில், மீசையும் வைத்துக்கொண்டு, கிணற்றில் விழுந்த ஒரு யானைக்குட்டியை நினைத்துத் தேநீர் குடிக்காமல் இருந்தவன் நான். அந்தக் குட்டி விழுந்தது ஒரு சிறுவர் கதையில்.

ஒட்டுசுட்டான் வாசிகசாலையில் சிறுவர் பகுதி என் பொறுப்பு. பிள்ளைகள் வராவிட்டால் அந்த மூலையில் உரமூட்டை அடுக்கப்போவதாகச் சொல்லித்தான், வாசிகசாலையை நடத்தும் விவசாயச் சங்கத்தின் தலைவர் என்னை வவுனியாவில் நடந்த பயிற்சி வகுப்புக்கு அனுப்பினார்.

படிப்பிக்க வந்த அம்மையார் நெடுத்து மெலிந்தவர். கையில் ஆண்கள் கட்டும் பெரிய மணிக்கூடு. எங்களைப் பாயில் இருத்திக் கதை வாசிப்பார். நல்ல இடம் வந்ததும் புத்தகத்தை மூடி மேசையில் வைத்துவிடுவார். மிச்சத்தைப் பிள்ளைகளே எடுத்து வாசிக்க வேண்டுமாம்.

யானைக்குட்டியை அப்படி விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. தேநீர் இடைவேளையில் அவரிடம் போனேன்.

“மிஸ், குட்டி வெளியில வந்ததோ?”

“எனக்குத் தெரியாது. நான் அதுக்கு மேல வாசிக்கேல்லை.”

“வாசிக்காமலோ எங்களுக்குப் படிப்பிக்கிறீங்கள்?”

“முடிவு தெரிஞ்சால் என்ர குரலே காட்டிக் குடுத்திடும். பிள்ளையள் உடனை பிடிச்சிடுவினம்.”

சிரிக்காமல்தான் சொன்னார். அது பயிற்சியா, பகிடியா, வெறும் சோம்பலா என்று பஸ்ஸில் ஊர் வந்து சேரும்வரை யோசித்தேன். இன்றும் பிடிபடவில்லை. இத்தனை கதைகளைக் கிணற்றிலேயே விட்டுவிட்டு ஒருவர் எப்படி நிம்மதியாக உறங்குகிறார்?

தலைவரிடம் எல்லாவற்றையும் ஒப்புவித்தேன். அவர் வெற்றிலையை மென்றபடி கேட்டார்.

“புத்தகம் மேசையிலதானே கிடந்தது? எடுத்துப் பாக்கத் தோன்றேல்லையோ? உம்மையோ நான் பிள்ளையளை வாசிக்கப் பழக்க விட்டிருக்கிறன்?”