குடிலில் இரண்டு போலீஸ்காரர்கள்

எங்கள் வீட்டுக் கிறிஸ்துமஸ் குடிலுக்கு ஒரு வருடம் போலீஸ் காவல் போட்டது நான்தான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

அந்த வருடம் குறுவை அறுப்பில் கூலிக்காக ஆரம்பித்த தகராறு மார்கழி பிறந்தும் ஓயவில்லை. பள்ளிக்கூடத்தில் ரிசர்வ் போலீஸ் வந்து தங்கியிருந்தது. தெருவுக்கும் வயலுக்கும் நடுவிலிருந்த வாய்க்கால் பாலத்தில் மூங்கிலைக் குறுக்கே கட்டி, போகிற வருகிற ஆளையெல்லாம் பெயர் கேட்டு அனுப்பினார்கள். புல்லறுக்கப் போகிறவர்கள் அரிவாளைக் காட்டிவிட்டுத்தான் போகவேண்டும். அப்பா தினமும் காலையில் பள்ளிக்கூடத்துக்குப் போய் ஏட்டையாவிடம் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார். சின்ன வயதில் போகாத பள்ளிக்கூடத்துக்கு இப்போது போகிறார் என்று நாங்கள் கேலி செய்தோம். பெரியவர்களுக்கு எப்படி இருந்ததோ, எங்களுக்குப் பாடம் கிடையாது. அதைவிட வேறென்ன வேண்டும்?

வாய்க்கால் களிமண்ணில் மாதா, சூசையப்பர், இடையர்கள், ஆடு மாடு, ஒரு வாத்துக் கூட்டம் எல்லாம் நானே செய்தேன். தட்டில் நெல்லை முளைக்கவிட்டுப் புல்வெளியாக்கினேன். தொழுவத்துக்குப் போகிற பாதையில் ஈர்க்குச்சியைக் குறுக்கே வைத்து, இரண்டு பக்கமும் துப்பாக்கியோடு இரண்டு போலீஸ்காரர்களை நிறுத்தினேன். ஊர் என்று இருந்தால் வாசலில் போலீஸும் இருக்கும் என்றுதான் நினைத்திருந்தேன்.

பண்டிகைக்கு முதல்நாள் அதைப் பார்த்த அப்பாவுக்கு முகம் வெளிறிவிட்டது. உடனே எடு என்றார். கிண்டல் செய்கிறோம் என்று ஏட்டையா நினைத்துவிட்டால் கையெழுத்தோடு விடமாட்டார், உள்ளே தூக்கி வைத்துவிடுவார் என்று அம்மாவும் மன்றாடினாள். நான் குடிலை மறித்து உட்கார்ந்துகொண்டு அழுதேன். மற்ற பொம்மைகளைவிட அந்த இரண்டுக்குத்தான் நான் அதிகம் பாடுபட்டிருந்தேன். பெல்ட்டுக்குப் பக்கிள்கூட வைத்திருந்தேன்.

அந்த நேரத்தில்தான் திருச்சியில் படித்துக்கொண்டிருந்த மாமா, அம்மாவின் தம்பி, பூதலூரில் ரயில் இறங்கி ஹாஸ்டல் சிநேகிதர் ஒருவரோடு வந்து சேர்ந்தார். சிநேகிதரின் ஊர் பெத்லகேம். பாலஸ்தீனத்தில் இருக்கிற அதே பெத்லகேம். அவர் ஊருக்குப் போய் மூன்று வருடமாகிறதாம். போனால் அங்கே இருக்கிற ராணுவம் உள்ளே விடுமோ, விட்டாலும் திரும்பிப் படிக்க வரவிடுமோ தெரியாதாம். அதெல்லாம் யார் காதில் ஏறியது? கிறிஸ்துமஸுக்கு பெத்லகேமிலிருந்தே ஆள் வந்திருக்கிறது என்று தெருவே திரண்டுவிட்டது. அத்தை அவர் கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

பாலத்தில் நடந்ததை மாமா சொல்லச் சொல்ல எங்களுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. மாமா வழக்கம்போல் முறைத்துக்கொண்டு நின்றாராம். இவரோ யாரும் கேட்பதற்குள் பையைத் திறந்து, துணிமணியை ஒவ்வொன்றாக வெளியே எடுத்துவைத்து, இரண்டடி பின்னால் போய்க் கையைத் தூக்கிக்கொண்டு நின்றுவிட்டாராம். போலீஸ்காரருக்கே வெட்கமாகிப் போய்விட்டதாம்.

அவரைக் குடிலுக்கு முன்னால் நிறுத்தி, எல்லாம் சரியாக இருக்கிறதா என்று கேட்டார்கள். பொறுமையாகப் பார்த்துவிட்டு இங்கிலீஷில் சொன்னார். அங்கே தென்னை கிடையாது, வாத்து கிடையாது, கீற்றுக் கூரையும் கிடையாது என்று மாமா ஒவ்வொன்றாகத் தமிழில் சொன்னார். இதுதான் சமயம் என்று அப்பா போலீஸ்காரர்களை எடுக்கக் குனிந்தார்.

"அத எடுக்காதீங்க," என்றார் அவர், ஹாஸ்டலில் கற்ற தமிழில். "அது மட்டும் சரியா இருக்கு."

பெத்லகேம்காரரே சொன்ன பிறகு யார் என்ன பேசமுடியும்? அப்பா கையை இழுத்துக்கொண்டார். என் கைவேலையைத்தான் அவர் மெச்சுகிறார் என்று எனக்குத் தலைகால் புரியவில்லை. மறுநாள் ஏட்டையாவும் வந்து பார்த்தார். அப்பா மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏட்டையா தன்னுடைய தொப்பை சரியாக வரவில்லை என்று குறை சொல்லி, நாலு அதிரசம் தின்றுவிட்டுப் போனார். இவ்வளவுக்கா பயந்தோம் என்று அம்மா சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஆனால் முதல்நாளே அந்தப் பெத்லகேம் அண்ணன் இன்னொரு காரியமும் செய்திருந்தார். ஒரு காகிதத்தில் நகத்தளவு கிழித்து, மடித்து, இன்னும் காயாத சூசையப்பரின் கையில் செருகினார். எதற்கு என்று கேட்டேன். போலீஸிடம் காட்ட என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோயிலில் பைபிள் சொல்லித்தருகிற ஞானோபதேச வகுப்பில் பரிசு வாங்கியவளிடமா?

"பெத்லகேம்தான் சூசையப்பருக்குச் சொந்த ஊருண்ணே. சொந்த ஊருக்குப் போறதுக்கு எதுக்குப் பேப்பரு?"

"சொந்த ஊருதான், பாப்பா," என்றார். "அதான் கேப்பாங்க."

மாமா குனிந்துகொண்டார். அப்பா அந்த அண்ணனையே பார்த்தபடி நின்றார். மூன்று வருடம் இங்கே இருந்தும் இவருக்குத் தமிழ் இவ்வளவுதான் புரிகிறதே என்று எனக்குப் பாவமாக இருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, சொந்த ஊர் என்றால் யாரையும் கேட்காமல் போகலாம், யாரையும் கேட்காமல் வரலாம் என்று நிதானமாக விளக்கிச் சொன்னேன். அவர் கடைசிவரை தலையாட்டிக் கேட்டுக்கொண்டார்.