எட்மண்ட் எழுதிய இரண்டு வரி

லோத்குண்டாவில் ஒரு ராணுவ ஒர்க்‌ஷாப்பில் எட்மண்ட் தலைமை கிளார்க். சிவிலியன்தான், துப்பாக்கியைத் தொட்டதில்லை. ஆனால் அந்த வளாகத்துக்குள் ஒரு பெண்கூட வேலைக்கு நுழைந்துவிடாமல் இருபத்திரண்டு வருஷம் காவல் காத்தவர் அவர்தான், வெறும் டைப்ரைட்டரை வைத்துக்கொண்டு.

1961-இல் ஒரு பெண் டெலிபோன் ஆபரேட்டர் வேலைக்கு மனுப் போட்டாள். அப்போதைய கர்னல் கையைப் பிசைந்தார். வேண்டாம் என்று சொல்ல வேண்டும். காரணம் மட்டும் கௌரவமாக இருக்க வேண்டும். எட்மண்ட் இரண்டே வரி தட்டினார்: 'இங்கே பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. பெண்கள் வேலை பார்த்த முன்னுதாரணமும் இல்லை.' கர்னலுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது.

அதற்குப் பிறகு ஏழு கர்னல்கள் மாறினார்கள்; அந்த இரண்டு வரி மாறவில்லை. கழிப்பறை கட்டலாமே என்றால், பெண்களே இல்லாத இடத்தில் யாருக்குக் கட்டுவது என்பார்கள். பெண்களை எடுக்கலாமே என்றால், கழிப்பறை எங்கே என்பார்கள். அடேயப்பா, என்ன மூளை! ஒரே நாளில் ஆற்றுக்குப் பாலம் போடுகிற படைக்கு நாலு சுவர் எழுப்ப நேரம் கிடைக்கவில்லையாம். எட்மண்டே இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். மனுப் போட்டதெல்லாம் மற்றவர் வீட்டுப் பெண்கள்தானே.

1983-இல் வந்த மனுவில் இருந்த பெயர் ஜூடித் எட்மண்ட். அவருடைய ஒரே மகள். எலெக்ட்ரானிக்ஸ் டிப்ளமோவில் முதல் வகுப்பு வாங்கிவிட்டு, உப்பலில் ஒரு கடையில் டிரான்சிஸ்டர் ரிப்பேர் பார்த்துக்கொண்டிருந்தாள். மனுப் போட்டது ரேடியோ அப்ரென்டிஸ் வேலைக்கு. வயது வரம்புக்கு அவளுக்கு இதுதான் கடைசி வாய்ப்பு.

"அங்கெல்லாம் பொம்பளைங்கள எடுப்பாங்களாடி?" என்று தாய் லோயிஸ் கேட்டாள்.

"கைக்கு மம்மி, ஏன் எடுக்க மாட்டாங்க? டாடி இருக்காருல்ல!"

மறுநாள் எட்மண்ட், வாழ்க்கையிலேயே முதல் தடவையாக, 'கழிப்பறை கட்டலாம்' என்று குறிப்பு எழுதினார். கர்னல் விழுந்து விழுந்து சிரித்தார். "மிஸ்டர் எட்மண்ட், நீங்கள் எழுதிவைத்ததை நீங்களே உடைக்கலாமா? முன்னுதாரணம் காட்டுங்கள், பார்ப்போம்."

எட்மண்டுக்கு ரோஷம் வந்துவிட்டது. ரெக்கார்டு ரூமுக்குப் போய் அடியில் கிடந்த கட்டுகளையெல்லாம் இழுத்துப் போட்டார். யுத்த காலத்துக் கட்டு ஒன்றில் 1943-ஆம் வருஷப் பட்டியல் கிடைத்தது: இதே கட்டடத்தில் ஒயர்லெஸ் வேலை பார்த்த பெண்கள், பதினான்கு பேர். கட்டு இருந்த அலமாரிக்குப் பின்னால் ஒரு வாஷ்பேசின். மூலையில் பலகை போட்டு மூடிய பீங்கான். கதவின் பச்சைப் பெயிண்டைச் சுரண்டினால் 'லேடீஸ்'. கர்த்தரே! இத்தனை வருஷம் தன் ஃபைல்களை எதற்குள் அடுக்கிவைத்தோம் என்று அப்போதுதான் அவருக்குத் தெரிந்தது.

பட்டியலைப் படித்த கர்னலின் முகத்தில் ஈயாடவில்லை. "அது வெள்ளைக்காரன் காலம். அவசரத்துக்கு எடுத்தான். இன்றைக்கு ஒருத்தியை விட்டால் நாளைக்கு நாலு பேர் வருவார்கள். ஜவான்களின் ஒழுக்கம் என்ன ஆவது?" பட்டியலின் ஓரத்தில் 'பழைய காகிதம், எரிக்கவும்' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். "அந்த இரண்டு வரியையே அனுப்பிவிடுங்கள். நீங்கள் எழுதினால்தான் அழகாக இருக்கும்."

பென்ஷனுக்கு இன்னும் ஏழு மாதம் இருந்தது. எட்மண்ட் அழகாகவே எழுதினார்.

தபால் வந்த அன்று ஜூடித் சாப்பாட்டு மேஜையில் கடிதத்தை விரித்துவைத்தாள். "டாடி, நெஜமாவே அங்க ஒரு டாய்லெட்கூட இல்லியா?"

எட்மண்ட் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

"இருக்கும்மா. அதுலதான் நான் ஃபைல் வச்சிருக்கேன்."