கட்டில் கம்பியைப் பிடித்து நின்றவர்

அந்த அம்மாவின் பெயரை நான் கேட்டுக்கொள்ளவில்லை. அடையாறு ஆஸ்பத்திரி ஒன்றில் என் மாமனாருக்கு அடுத்த கட்டிலில் அவருடைய கணவர் படுத்திருந்தார். நோயாளிகள் இருவரும் எழுபதைத் தாண்டியவர்கள். மாமா குளியலறையிலும் அவர் மீன் சந்தையிலும் வழுக்கி விழுந்து, தலையில் அடிபட்டு, இருவருக்கும் பேச்சு குழறிப் போயிருந்தது.

அந்த அம்மாவுக்கு ஒல்லியான உடம்பு, இரண்டு பக்கமும் மூக்குத்தி. பேச்சுப் பயிற்சி தரும் பெண் மாமாவிடம் வந்தால் போதும், அந்த அம்மா எங்கள் கட்டில் கம்பியைப் பிடித்து நின்று, ஒவ்வொரு சொல்லுக்கும் தானும் உதட்டை அசைப்பார். பக்கத்துக் கட்டிலுக்கு அந்தப் பெண் போகவே இல்லை.

எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. என் குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அவருக்கு ஏன் பயிற்சி இல்லை என்று டாக்டரிடம் கேட்டேன்.

"அவங்கல்லாம் தொடர்ந்து வரமாட்டாங்கம்மா. வீட்டுக்குப் போனா அதோட சரி."

இதைச் சொல்லலாமா கூடாதா என்று குழம்பி, கடைசியில் அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டேன்.

"தெனம் மீன் கூடையத் தூக்கினு இந்த வாசல்லதான் போய்க்கினு கீறேன்," என்றார். "வரமாட்டேன்னு டாக்டருக்கு யாரும்மா சொன்னது? என்னாண்ட ஒரு வார்த்த கேட்டாரா?"

மறுநாள் கணவரை ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்.

வருவீர்களா என்று எங்களையும் டாக்டர் கேட்கவில்லை. வீட்டுக்கு வந்த பிறகு, குழந்தைக்குச் சளி, எனக்கு வேலை என்று இரண்டு வாரமாகப் பயிற்சிக்குப் போகவில்லை. நேற்று பயிற்சி தரும் அந்தப் பெண்ணே போன் செய்தார்.

"பரவாயில்ல மேடம், நாளைக்கு மாமாவைக் கூட்டிட்டு வாங்க."

போகும்போது ஆஸ்பத்திரி வாசலில் அந்த அம்மா கூடையோடு எதிரே வந்துவிடுவாரோ என்று இப்போதே மனம் அடித்துக்கொள்கிறது.