நீர்நாய்க்குக் காத்திருந்த வாங்கில் நடு இடம்

யாழ்ப்பாணத்திலிருந்து கண்டிக்கு இடமாற்றமாகி வந்த பிறகு என் கணவருக்குப் புதுப் பைத்தியம் ஒன்று பிடித்தது. ஞாயிறு விடிந்தால் போதும், மகாவலிக் கரையில் இருக்கும் சதுப்பு நிலப் பூங்காவுக்குப் புறப்பட்டுவிடுவார். பறவைகள் ஒரு சாட்டு. மாதக்கணக்காக அவர் தேடுவது ஒரு நீர்நாயை. கூடப் போவது பேராதனையில் அவரோடு வேலை செய்யும் ஒரு பெண். மலையகத்துப் பிள்ளை, கெட்டிக்காரி, என்னைக் கண்டால் அக்கா, அக்கா என்று உருகுவாள். எரிச்சல்பட அவள் ஒரு காரணமும் தரவில்லை. அதுவே எனக்குப் பெரிய எரிச்சல்.

வீட்டில் நான் மூன்று தரம் கேட்டால் ஒரு “ம்” வரும். அங்கே மட்டும் என்னதான் பேசிக் கிழிக்கிறார் என்று பார்க்க ஒரு ஞாயிறு நானும் கிளம்பினேன்.

பேசவே இல்லை. நாணலுக்கு நடுவே மறைந்திருந்து பார்க்க ஒரு பலகைக் குடில், உள்ளே மூன்று பேர் நெருங்கி உட்காரக்கூடிய ஒரு வாங்கு. முதலில் காண்பவர் வாய் திறக்காமல் பக்கத்தில் இருப்பவரின் தோளைத் தட்டிக் காட்டவேண்டும். அதுதான் அங்கே வழக்கமாம்.

“நடுவுல உக்காருங்க அக்கா, அங்கதான் நல்லாத் தெரியும்” என்று அவள் நகர்ந்து இடம் விட்டாள்.

பெரிய மனுசி மாதிரி அமர்ந்தேன். சற்று நேரத்தில் அவர் எதையோ கண்டு கையை எடுத்தார். என்னைத்தான் தட்டப் போகிறார் என்று நிமிர்ந்தேன். கை என் முதுகுக்குப் பின்னால் நீண்டு அவள் தோளைத் தட்டியது. அவள் பார்த்தாள். இருவரும் சத்தமில்லாமல் சிரித்தார்கள். கலியாணம் கட்டி இத்தனை வருசத்தில் நாங்கள் அப்படி ஒரு நாளும் சிரித்ததில்லை.

இருவரும் மேலே ஒரு மீன்கொத்தியில் கண் வைத்திருந்தபோது அந்த நீர்நாய் வந்தது. எனக்கு நேர் கீழே சேற்றில் ஏறி, மீனொன்றைத் தலையிலிருந்து கடித்துத் தின்றது. நனைந்த மீசைகூடத் தெரிந்தது. என் இரு பக்கமும் எட்டித் தட்டக்கூடிய தோள்கள். நான் கைகளை மடியில் கோத்துக்கொண்டேன். அது ஆறுதலாக, ஒரு அவசரமும் இல்லாமல் தின்று முடித்துத் தண்ணீருக்குள் இறங்கிப் போனது.

திரும்பி வரும்போது பஸ்ஸில் அவர் சோர்ந்திருந்தார். “இண்டைக்கும் வரேல்லை. உமக்கும் அலுத்துப் போச்சுதோ?” என்றார். அன்று அவராக என்னிடம் கேட்ட முதல் கேள்வி அது.

“இல்லை,” என்றேன். “அடுத்த ஞாயிறும் வாறன்.”