மருந்துக்கு அடங்காத வைரஸ்

மூன்று வருடங்களுக்கு முன், ஐப்பசி மழை விட்டு விட்டுப் பெய்துகொண்டிருந்த ஒரு வாரத்தில், திருநெல்வேலியில் தொடங்கியது இது. எச்.ஐ.வி. வைரஸ் எந்தெந்த மருந்துக்கு அடங்குகிறது, எதற்கு அடங்க மறுக்கிறது என்று பார்ப்பதுதான் என் ஆராய்ச்சி. சிகிச்சை மையத்திலிருந்து எங்கள் ஆய்வகத்துக்கு ரத்த மாதிரிகள் வரும்.

அப்படி வந்த ஒரு மாதிரி என்னைப் பிடித்துக்கொண்டது. பல மாதமாக நல்ல மருந்து சாப்பிடும் ஒரு பெண்மணியுடையது. ஆனாலும் வைரஸ் ஏறிக்கொண்டே போகிறது. மையத்தில் ஆலோசகராக இருந்த பெண்ணிடம் போனில் கேட்டேன்.

"அந்த அம்மா மாத்திரைய ஒழுங்கா போடுதது இல்ல மேடம். கேட்டா, போடுதேன் போடுதேன்னு சாதிக்காவ" என்றாள்.

அந்த அம்மா சொல்வது உண்மையாக இருக்கவேண்டும் என்று நான் ஆசைப்பட்டேன். காரணம் என் சுயநலம். உண்மை என்றால் வைரஸ் மாறியிருக்க வேண்டும். யாரும் பார்க்காத ஒரு மாற்றம் என் கையில் கிடைக்கும். கட்டுரைக்குத் தலைப்புகூட யோசித்துவிட்டேன்.

வைரஸின் மரபணு வரிசை திரையில் வந்த அன்று காலைச் சாப்பாடே மறந்துபோனது. எழுத்து எழுத்தாகப் பார்த்தேன். ஒரு மாற்றமும் இல்லை. அந்த மருந்துக்குச் சுருண்டு விழவேண்டிய சாதாரண வைரஸ். எனக்கு அழுகை வந்துவிட்டது. கொஞ்சம் பொறுத்துத்தான் உறைத்தது: அந்த அம்மாவுக்கு இதைவிட நல்ல செய்தி கிடையாது, நானோ துக்க வீட்டில் இருப்பவள் மாதிரி உட்கார்ந்திருக்கிறேன்.

வெட்கமாக இருந்தது. வைரஸ் மாறவில்லை என்றால் மாத்திரை போடவில்லை என்றுதான் அர்த்தம்; ஆனாலும் அவர் வாயால் கேட்காமல் முடிவுகட்ட மனம் வரவில்லை. அவர் சம்மதித்தால் நேரில் பேசுகிறேன் என்று சொல்லியனுப்பினேன். மறுவாரமே மையத்துக்கு வந்தார். கடற்கரை ஊரில் மீன் விற்பவர். நான் வாய் திறக்கும் முன்பே பையிலிருந்ததை மேசையில் கொட்டினார்.

"நீங்களே எண்ணிப் பாருங்கம்மா. ஒரு நாள் விட்டது இல்ல."

மருந்து டப்பாவோடு வேறு இரண்டு மாத்திரை அட்டைகளும் விழுந்தன. ஒன்று கால்சியம், மற்றது இரும்புச்சத்து.

"இது எதுக்கு?"

"முட்டு வலிக்கும் அசதிக்கும் எங்க ஊரு ஆஸ்பத்திரில குடுத்தாவ. இந்த நோய அங்கன சொல்லல. வெளிய தெரிஞ்சா எங்கிட்ட எவ மீன் வாங்குவா?"

"எப்பம் போடுதிய?"

"விடியகாலம் ஏலத்துக்குப் போறதுக்கு முன்ன. வெறும் வயித்துல மூணையும் ஒண்ணா முழுங்கிட்டு ஓடுதேன்."

அப்போதுதான் பிடிபட்டது. வெறும் வயிற்றில் சேர்த்துப் போட்டால் கால்சியமும் இரும்பும் வைரஸ் மருந்தைக் குடலிலேயே பிடித்துவைத்துக்கொள்ளும். போதிய அளவு ரத்தத்தில் சேராது. பாடத்தில் படித்ததுதான். வேறு மாத்திரை உண்டா என்று கேட்கத்தான் அதுவரை எனக்குத் தோன்றவில்லை. செருப்பு ஒன்று கழன்றதைக்கூடக் கவனிக்காமல் மாடிக்கு ஓடி மையத்து டாக்டரை அழைத்துவந்தேன். அவர் வைரஸ் மாத்திரையை விடியற்காலையிலும் மற்ற இரண்டையும் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகும் போடச் சொன்னார். அவ்வளவுதான் வைத்தியம்.

மூன்று மாதம் கழித்து அவருடைய ரத்த மாதிரி மறுபடி வந்தது. யாரையும் தொடவிடாமல் நானே சோதனை செய்தேன். வைரஸைக் காட்டும் கோடு திரையில் எழும்பவே இல்லை. கத்திவிட்டேன். நான் எதையோ கொட்டிவிட்டேன் என்று பக்கத்து அறையிலிருந்தவர்கள் பதறி ஓடிவந்தார்கள்.

மையத்துக்குப் போய், டாக்டர் சொல்லும்போது நானும் பக்கத்தில் நின்றேன். அந்த அம்மா துள்ளிக் குதிப்பார் என்று நினைத்தேன். அவரோ ஆலோசகர் இருந்த பக்கம் பார்த்துவிட்டு என்னிடம் மெல்லக் கேட்டார்.

"நான் பொய் சொல்லலன்னு அந்தப் பிள்ளைகிட்ட சொல்லிட்டியளா?"

அவளுக்கும் அது கேட்டுவிட்டது. எழுந்துவந்து அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அதன்பிறகு சில கட்டுரைகள் எழுதிவிட்டேன். மாத்திரைகள் மேசையில் விழுந்த நாளும் கோடு எழும்பாத நாளும் தந்த படபடப்பை அவை எதுவும் தரவில்லை. இன்றும் புரியாத ரத்த மாதிரி ஒன்று வந்தால், கருவியைத் தொடும் முன், ரத்தம் கொடுத்தவர் என்ன சொல்கிறார் என்று கேட்டுவரத்தான் என் கால் போகிறது.