இன்னைக்கு வெட்டு உண்டா

ராஜபாய் பாருக்குப் போனது மொத்தம் இரண்டே தடவை. முதல் தடவை ஜெபத்துக்கு. இரண்டாவது தடவை கத்தியோடு. ஐம்பத்து நான்கு வயதில், ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிற, காப்பியைத் தவிர வேறொன்றும் குடித்தறியாத பெண்பிள்ளைக்கு இதுவே அதிகம் என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். ஊர் எதைத்தான் பேசாமல் விட்டது.

அவளுக்குத் தொழில் பால்வெட்டு. திற்பரப்பு அருவிக்குப் போகிற சாலையிலிருந்து மேட்டில் ஏறினால் வரும் ரப்பர் தோட்டத்தில் முந்நூறு மரம் அவள் பொறுப்பு. விடியும் முன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு இறங்கினால் எட்டு மணிக்குள் அத்தனையையும் வெட்டி முடிப்பாள். பிறகு பாலைச் சேர்த்து எடுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்ப மதியமாகிவிடும். முப்பது வருடமாக இதே வேலை. இதில் வித்தை ஒன்றே ஒன்றுதான். பட்டையை மட்டும் சீவ வேண்டும், உள்ளே இருக்கும் தடியில் கத்தி படக் கூடாது. பட்டால் மரம் அந்த இடத்தில் முடிச்சுப் போட்டுக்கொள்ளும், பிறகு பால் வராது. ஆழம் போதாவிட்டாலும் பால் வராது. இரண்டுக்கும் நடுவே ஒரு நூல் இடம் உண்டு. அந்த நூல் இடம் ராஜபாயின் கைக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு வெட்டுவாள் என்று தோட்டத்தில் சொல்வார்கள். அது சும்மா அளப்பு. ஆனால் அவள் வெட்டிய மரங்களில் முடிச்சு கிடையாது, அது நிஜம்.

அவளுடைய இடது புருவத்தில் பாதி இல்லை. அது புருஷன் சிலுவைதாசனின் கைங்கரியம். கல்யாணமான மூன்றாவது வருடம், மீன்குழம்பில் புளி கூடிப்போனதற்காக, ஆசிட் விட்டு உறைய வைத்திருந்த ரப்பர் பாலில் அவள் முகத்தைப் பிடித்து அமுக்கினான். பால் முகத்தோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டது. பிய்த்து எடுத்தபோது புருவமும் தோலும் சேர்ந்து வந்தன. பத்தொன்பது வருடம் அவன் அடித்தான், இவள் வாங்கினாள். கடைசியில் ஈரல் கெட்டுச் செத்தான். அடக்க ஆராதனையில் 'சாந்த குணமுள்ளவர்' என்று போதகர் வாசித்தபோது ராஜபாய் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டாள். அழுகிறாள் என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஒரே மகள் ரெஜிலா. அவளை எட்சனுக்குக் கட்டிக்கொடுத்தாள். அவன் சொகுசுக் கப்பலில் பன்னிரண்டு வருடம் மது ஊற்றிக் கொடுக்கும் வேலை பார்த்தவன். கப்பல் ஜப்பானில் நிற்கும் நாட்களில் சந்துக்குள் இருந்த ஒரு சின்ன பாருக்குப் போய், அங்கே கையாலேயே ஐஸ் செதுக்குவதைப் பார்த்துப் பார்த்துப் பைத்தியம் பிடித்து வந்தான். பார் உரிமம் வைத்திருந்த ஒரு லாட்ஜின் பின்பக்கத்தில், அருவிச் சாலையிலேயே, அதே மாதிரி ஒன்றைப் போட்டான். அயனிமரப் பலகையில் நீள மேசை, எட்டு முக்காலி, காகித விளக்கு, அவ்வளவுதான் கடை. பெயர் 'கோரி'. ஜப்பான் பாஷையில் ஐஸ் என்று அர்த்தமாம். நம் ஆட்களுக்கு அது தெரியுமா. ழ எழுதத் தெரியாத எவனோ கோழிக்கடைக்கு போர்டு எழுதிவிட்டான் என்று நினைத்து, முதல் வாரம் முழுக்க ஃப்ரை பார்சல் கேட்டு வந்து நின்றார்கள்.

திறப்பு ஜெபத்துக்குப் போதகரை அழைத்தது ரெஜிலாவின் யோசனை. பார் என்றால் வருவாரா? ஜப்பான் பலகாரக்கடை என்று சொல்லிக் கூட்டி வந்தார்கள். பாட்டில் அலமாரிக்கு முன்னால் திரை கட்டியிருந்தது. ஜெபத்தின் பாதியில் ஃபேன் காற்றில் திரை ஒதுங்கியது. போதகர் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தார், மூடிக்கொண்டார், அதற்கப்புறம் பத்து நிமிடம் கூடுதலாக ஜெபித்தார்.

அன்றைக்கு ரெஜிலா கணவாய் மீனை நறுக்கி மாவில் போட்டு, உண்ணியப்பம் சுடும் குழிச்சட்டியில் உருண்டை உருண்டையாகச் சுட்டாள். ஜப்பானில் இதற்கு வேறே சட்டி உண்டாம், இங்கே இது போதும் என்றாள். எட்சன் மாமியாருக்கு முன்னால் ஒரு ஐஸ் கட்டியை எடுத்து, மூன்று முள் வைத்த குத்தூசியால் கொத்தி, கத்தியால் சீவி, நாரத்தங்காய் அளவுக்கு உருட்டிக் காட்டினான். ஒரு கீறல் இல்லை. கத்தி பிடித்தவளுக்குக் கத்தி பிடித்தவனின் கை தெரியும். நல்ல கை என்று அவள் மனதார நினைத்தாள்.

"மாமி, நம்ம ரெண்டு பேருக்கும் கத்தியிலதான் சோறு," என்றான் எட்சன்.

அந்த நேரம் ரெஜிலாவின் கை தட்டி, உருண்டைகளின் மேல் ஊற்ற வைத்திருந்த கறுப்புக் குழம்பு பலகையில் கொஞ்சம் சிந்தியது. எட்சன் சிரித்த முகத்தோடு அவள் பிடரியில் கை வைத்தான். வேறொன்றும் செய்யவில்லை. மகள் அசையாமல் நின்றாள். அந்த நிற்பை ராஜபாய்க்குத் தெரியும். பத்தொன்பது வருடம் அவள் நின்ற நிற்பு அது. தெரிந்தும், கணவாய் உருண்டையைத் தின்று முடித்து, "நல்லா இருக்கு மக்களே," என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தாள். தன்னை அவள் மன்னிக்காத காரியங்களில் அது ஒன்று.

இன்னொன்று, அடுத்த மாதம் நடந்தது. உதடு கிழிந்து வீட்டுக்கு வந்த மகளை அவள் இரண்டு நாள் வைத்திருந்து திருப்பி அனுப்பினாள். "பொறுத்துப் போ மக்களே. பிள்ள ஒண்ணு ஆனா சரியாவும்," என்றாள். ரெஜிலா பஸ் ஏறினாள்.

அதற்குப் பிறகு தினமும் விடிகாலையில் போன் வரும். மகள் கேட்பது ஒரே கேள்விதான்.

"அம்மா, இன்னைக்கு வெட்டு உண்டா?"

"உண்டு மக்களே. நிறைய உண்டு."

அவ்வளவுதான் பேச்சு. ஜூன் பிறந்து மழை பிடித்தது. மழை படாமல் மரத்துக்குப் பிளாஸ்டிக் கட்டாத தோட்டம் அது. மரம் நனைந்தால் கத்தி வைக்க முடியாது. ராஜபாய் வாரக்கணக்கில் வீட்டில் சும்மா இருந்தாள். ஆனாலும் மகள் கேட்டபோதெல்லாம் உண்டு என்றே சொன்னாள். வேலை இல்லை என்று தெரிந்தால், அம்மா என்ன தின்பாளோ என்று அந்தப் பெண் அங்கே கிடந்து உருகுவாளே என்ற எண்ணம்தான். ஓட்டுக்கு மேல் மழை சடசடவென்று கொட்டும், இவள் போனைக் கையால் பொத்திக்கொண்டு, "உண்டு மக்களே, இப்பதான் தோட்டத்துக்கு எறங்குகேன்," என்பாள்.

ஒரு புதன்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது.

ரெஜிலாவின் இடது கை முழங்கை வரை கட்டுப் போட்டுக் கிடந்தது. ஐஸ் குத்துகிற ஊசி கைதவறிப் பட்டுவிட்டதாக டாக்டரிடம் சொல்லியிருந்தாள். மூன்று முள்ளும் உள்ளங்கையில் ஏறிப் புறங்கையில் வந்திருந்தன. கைதவறினால் அப்படிப் படாது. ராஜபாய் கட்டிலில் உட்கார்ந்து மகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அந்தப் பெண்ணே சொன்னாள்.

திருவனந்தபுரத்திலிருந்து வந்த ஒரு ஆள், பலகாரம் செய்தது யார், கைக்கு முத்தம் கொடுக்கலாம் என்று சொன்னானாம். இவள் சிரித்தாளாம். ஆள் போன பிறகு எட்சன் கதவைச் சாத்திவிட்டு, "எந்தக் கை?" என்று கேட்டானாம். இவள் பேசாமல் நின்றதால் அவனே ஒரு கையை எடுத்து அயனிப் பலகையில் விரித்து வைத்து, ஐஸ் கொத்துவது மாதிரியே கொத்தினான். பலகையோடு குத்தி நின்ற கையை அப்படியே விட்டுவிட்டு, உண்ணியப்பச் சட்டியைக் கழுவி வைத்தானாம். அதற்குப் பிறகுதான் பிடுங்கினான்.

"நீ ஏம்ட்டி வீட்டுக்கு வரல்ல?" ராஜபாய் கேட்டாள். "ஒரு நாளு சாடி ஓடி வந்திருக்கலாம்லா."

"தெனமும் கேட்டேனே அம்மா."

"என்னத்தக் கேட்ட?"

"வெட்டு உண்டான்னு. வெட்டு இல்லேன்னா நீ வீட்டுல இருப்ப, நான் வந்து கேறலாம். உண்டுன்னா வீடு பூட்டிக் கிடக்கும், தெறக்க தாக்கோலு உனக்க மடியில இருக்கும். நான் முற்றத்துல நின்னா ஆளுவ பாக்கும்லா." ரெஜிலா சுவரைப் பார்த்துக்கொண்டு பேசினாள். "பொறவு மழ வந்துது. நானும் பால்வெட்டுக்காரிக்க மோளுதானே, மழையில வெட்டு இருக்காதுன்னு எனக்குத் தெரியாதா. நீ அப்பவும் உண்டுன்னு சொன்ன. போன்ல மழச் சத்தம் கேக்குது, நீ உண்டுன்னு சொல்லுக. அப்ப வராதேன்னுதான் சொல்லுகன்னு நெனச்சேன்."

ராஜபாய், மகளின் கால்மாட்டில் கிடந்த போர்வையை இழுத்து அவளை மூடிவிட்டு எழுந்து வீட்டுக்கு வந்தாள். கூரை இறப்பில் செருகியிருந்த வெட்டுக் கத்தியை எடுத்து, கல்லில் நாலு இழுப்பு இழுத்தாள்.

சாயங்காலம் நாலரை மணிக்கு அவள் 'கோரி'க்குள் நுழைந்தாள். சாரல் அடித்துக்கொண்டிருந்தது. ஓரத்து முக்காலிகளில் சுற்றுலா வந்த இரண்டு பேர் பொரித்த நெத்தோலியைக் கொறித்துக்கொண்டிருந்தார்கள். எட்சன் வெள்ளைச் சட்டையில் ஐஸ் செதுக்கிக்கொண்டு நின்றான். மாமியாரைக் கண்டதும் ஒரு கணம் கை நின்றது. பிறகு சிரித்தான்.

"வாங்க மாமி. இரிங்க."

நனைந்த குடையைச் சுவரில் சாய்த்துவிட்டு அவள் முக்காலியில் ஏறி உட்கார்ந்தாள். வந்தவர்களுக்கு முதலில் வெந்நீரில் நனைத்துப் பிழிந்த துணி கொடுப்பது அங்கே வழக்கம். அவளுக்கும் மூங்கில் தட்டில் வைத்து நீட்டினான். அவள் துணியை வாங்கிப் பக்கத்தில் வைத்துக்கொண்டாள். பலகையில் விரல் அகலத்துக்குள் மூன்று ஓட்டைகள் தெரிந்தன. சுற்றிலும் தேய்த்துக் கழுவியும் மரம் கறுத்திருந்தது.

"அவளுக்குக் கைதவறிப் போச்சு மாமி. எத்தன தடவ சொல்லியிருக்கேன், ஊசியத் தொடாதன்னு," என்றான் எட்சன்.

"கொறச்சு வெள்ளம் தா."

அவன் ஒரு ஐஸ் உருண்டையைக் கண்ணாடி டம்ளரில் போட்டுத் தண்ணீர் ஊற்றி நீட்டினான். அவள் டம்ளரைப் பிடிக்கவில்லை. இடது கையால் அவன் மணிக்கட்டைப் பிடித்து, மரத்தைப் பிடித்துத் திருப்புவது மாதிரி உள்பக்கத்தைத் தன் பக்கம் திருப்பினாள். வலது கையில் கத்தி வந்திருந்தது. சரிவாக ஒரே இழுப்பு.

டம்ளர் உடைந்தது. எட்சன் கத்தின கத்தலில் அந்த இரண்டு பேரும் முக்காலியோடு சாய்ந்தார்கள். அவன் இடது கையால் எட்டின பாட்டிலை எடுத்து அவள் தலையில் அடித்தான். பாட்டில் உடையவில்லை, அவள் நெற்றி உடைந்தது. இரண்டாவது அடி வாயில் விழுந்தது, முன்பல் இரண்டு பலகையில் தெறித்தன. ராஜபாய் பிடித்த மணிக்கட்டை விடவில்லை. அடி வாங்குவது அவளுக்குப் புதிதா என்ன. மூன்றாவது அடிக்கு ஓங்கிய கை இறங்கியபோதுதான் அதை விட்டு, இந்தக் கையைப் பிடித்துப் பலகையோடு அமுக்கி, அதிலும் ஒரு இழுப்பு இழுத்தாள். பாட்டில் நழுவி விழுந்தது. செதுக்கி வைத்திருந்த ஐஸ் உருண்டைகள் எல்லாம் சிவந்தன.

எட்சன் அலமாரியில் சாய்ந்து சரிந்து உட்கார்ந்தான். இரண்டு கையையும் முகத்துக்கு முன்னால் தூக்கி, விரலை மடக்கப் பார்த்தான். மடங்கவில்லை. அப்போதுதான் அழத் தொடங்கினான்.

ராஜபாய் மேசையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். மூங்கில் தட்டிலிருந்த துணியை ஒரு மணிக்கட்டிலும், தன் முந்தானையைக் கிழித்து இன்னொன்றிலும் இறுக்கிக் கட்டினாள். கட்டிய இடத்தை அழுத்திப் பிடித்தபடி, வாயிலிருந்து ரத்தம் வடிய, வெளியே ஓடி நின்ற அந்த இரண்டு பேரையும் பார்த்தாள்.

"நூத்தியெட்டக் கூப்பிடுங்க மக்கா. ஆளு சாவப்பிடாது."

ஆம்புலன்ஸ் வரும்வரை இருபது நிமிடம் அவள் பிடியைத் தளர்த்தவில்லை.

போலீஸ் ஸ்டேஷனில் இன்ஸ்பெக்டர் மரியாதையாகத்தான் பேசினார். கொல்லப் போனாயா, பயமுறுத்தப் போனாயா, எது என்று சொல்லச் சொன்னார். நெற்றியில் தையலும் வீங்கிய வாயுமாக ராஜபாய் நிதானமாகப் பதில் சொன்னாள்.

"கொல்லணும்னா கழுத்து எங்கன்னு எனக்குத் தெரியாதா சாரே. முப்பது வருசமா வெட்டுகேன். மரம் சாவக்கூடாது. அந்தக் கை இனி எந்தப் பிள்ளைக்க மேலயும் மடங்கக்கூடாது. அம்புட்டுதான்."

சொன்னதையெல்லாம் ஏட்டு எழுதி வாசித்துக் காட்டினார். வெட்டினேன் என்று எழுதியிருந்த இடத்துக்குக் கீழே அவள் கையெழுத்துப் போட்டாள். பிறகு, மகளிடம் ஒரு வார்த்தை பேச வேண்டும் என்று கேட்டாள். பெண் போலீஸ் ஒருவர் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டுக் கையில் கொடுத்தார். வெளியே மழை வலுத்து, ஸ்டேஷன் கூரைத் தகரத்தில் அறைந்துகொண்டிருந்தது. ராஜபாய் இந்த முறை போனைப் பொத்தவில்லை.

"மக்களே, இன்னைக்கு வெட்டு இல்ல," என்றாள்.

ஏட்டு மதுரைப் பக்கத்துக்காரர். பேனாவை நிறுத்தி நிமிர்ந்தார். "என்னம்மா இது, வெட்டுனேன்னு இப்பத்தான கையெழுத்துப் போட்ட. அதுக்குள்ள இல்லங்குற?"

ராஜபாய் அவர் பக்கம் திரும்பவில்லை. "நாளைக்கும் இல்ல. இனி இல்ல. நீ ஆஸ்பத்திரியில இருந்து நேரே நம்ம வீட்டுக்குப் போ," என்றாள்.

மழைச் சத்தம் இரண்டு பக்கமும் கேட்டது. பிறகு ரெஜிலா மூக்கை உறிஞ்சினாள்.

"தாக்கோலு எங்க வெச்சிருக்க அம்மா?" என்று கேட்டாள்.