கல் வருது

தொலைக்காட்சி விவாதத்தில் யாராவது 'கல்' என்று கத்தினால் போதும், தலை நரைத்த பிறகும் என் கை மண்டையைப் பொத்திக்கொள்கிறது. மனைவிக்கு இது தினசரி வேடிக்கை. இந்தியில் 'கல்' என்றால் நாளை என்பது எனக்குத் தெரியும். கைக்குத்தான் இன்னும் தெரியாது.

திருநெல்வேலியிலிருந்து டெல்லி கோல் மார்க்கெட் குவார்ட்டர்ஸுக்கு வந்து இரண்டு மாதம்கூட ஆகியிருக்காது. பள்ளிக்கூடத்தில் பாதி இந்தி எழுத்துகளைப் படித்திருந்த நான்தான் வீட்டுக்கு மொழிபெயர்ப்பாளன். நகரத்தில் எங்கோ கலவரம் என்று அந்த வாரமெல்லாம் பேச்சு. ஒரு மாலை, ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்று எங்கள் தெருவில் நுழைந்தது. உள்ளேயிருந்தவன் தொண்டை கிழியக் கத்தினான்: "கல் தேக் லேங்கே!"

எனக்குப் புரிந்தது முதல் சொல் மட்டும். இட்லித் தட்டைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, "எம்மா, கல் வருது!" என்று கட்டிலுக்கடியில் பாய்ந்தேன்.

"வேண்டாம்னு சொல்லுல. நாம என்ன வீடா கட்டுதோம்?" என்றாள் அம்மா.

அலுவலகத்திலிருந்து வந்த அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "கல்னா நாளைக்குல. நாளைக்குப் பாத்துக்கிடுதானாம்."

"யாரை?" என்றேன்.

அப்பாவின் சிரிப்பு பாதியில் நின்றது. கூடவே வந்திருந்த மாடி வீட்டு சாச்சா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார். ஆம்பூர்க்காரர். எங்கள் வரிசையில் அவர்கள் ஒரே முஸ்லிம் குடும்பம்.

"பிள்ளைங்க ரெண்டும் இன்னிக்கு இங்க படுத்துக்கட்டுமா?" என்று மெதுவாகக் கேட்டார்.

"இதையெல்லாம் கேக்கணுமாண்ணே? மைனியையும் கூட்டிட்டு வாங்க" என்றாள் அம்மா.

விருந்து என்று நான் குதித்தேன். சாச்சா எங்கள் ஸ்டூலை வாங்கிப்போய்த் தன் வாசலிலிருந்த பெயர்ப்பலகையைக் கழற்றினார். நான் ஸ்டூலைப் பிடித்துக்கொண்டேன்.

மறுநாள் எதுவும் நடக்கவில்லை. வேனும் வரவில்லை. ஆனால் வாரக்கணக்கில் அந்தச் சுவரில் ஆணித் துளைகள் மட்டுமே இருந்தன. பலகையைப் புதிதாக எழுதக் கொடுத்திருக்கிறார் என்று நம்பியிருந்த எனக்கு, பெயிண்டர் ஏமாற்றுகிறான் என்று கோபம்.

"இந்தத் தடவை ரோட்டுலேர்ந்தே தெரியுத மாதிரி பெருசா எழுதச் சொல்லுங்க சாச்சா" என்றேன்.

அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் படியேறினார். யோசனை பிடித்துவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.